ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஏன் சரியாகிறது?

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, இசையெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு மனிதக் குரல் வரும். அது முதலில் சொல்வது இதைத்தான்: "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்." கேட்டதும் எரிச்சல் வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த ஆலோசனையில் பிழை ஏதும் இல்லை. அது பாதியில் நின்றுவிடுவதுதான் குறை. அணைத்துப் போட்ட பிறகு எவ்வளவு நேரம் ஒழுங்காக ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வாரமா, மூன்று மணி நேரமா, மூன்று நிமிடமா? பெட்டிக்குள் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இந்த ஒரு விடையே போதும்.

ரவுட்டர் ஒரு கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லாததால் அப்படித் தெரிவதில்லை. உள்ளே ஒரு செயலி, 64 அல்லது 128 மெகாபைட் நினைவகம், மென்பொருளைச் சேமித்து வைக்க ஒரு ஃபிளாஷ் சில்லு. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். மேசைக் கணினியை இரவில் அணைத்துவிடுகிறோம். ஃபோன்கூட அப்டேட் வந்தால் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. ரவுட்டருக்கு மட்டும் ஓய்வே கிடையாது. ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கும்போதுகூட அதை யாரும் அணைப்பதில்லை.

இப்படி இரவு பகலாக ஓடும் அந்தக் கணினியின் முக்கிய வேலை, ஒரு பதிவேட்டைப் பராமரிப்பது. வெளியுலகுக்கு உங்கள் வீடு ஒரே ஒரு முகவரி. உள்ளே இருக்கும் ஃபோன், மடிக்கணினி, டிவி எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள்தான். அவை வாசலைத் தாண்டிச் செல்லாது. ஃபோனில் ஒரு தளத்தைத் திறந்தால், இன்ன கருவி, இன்ன போர்ட் எண் வழியாக, இன்ன சர்வரைத் தேடிப் போயிருக்கிறது என்று ரவுட்டர் ஒரு வரி எழுதிக்கொள்ளும். பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் உரிய கருவியிடம் சேர்க்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு மாதிரி. வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினால் கணக்கு முடிந்தது. சொல்லாமல் பின்வாசல் வழியே போய்விட்டால் நோட்டில் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

நம் ஃபோன்கள் செய்வதும் அதுதான். மாடிப்படி இறங்கும்போது வைஃபையை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பழைய இணைப்பு முடிந்தது என்ற தகவல் ரவுட்டருக்கு வருவதில்லை. லினக்ஸின் இயல்பான அமைப்பில், இப்படிக் கைவிடப்பட்ட ஒரு டிசிபி இணைப்பின் வரி 5 நாள் வரை பதிவேட்டில் கிடக்கும். சில தயாரிப்பாளர்கள் இந்தக் கெடுவைக் குறைத்து வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை. மலிவான பெட்டியில் பதிவேட்டுக்குச் சில ஆயிரம் வரிகள்தான் இடம். அது நிரம்பியதும் ஒரு விசித்திரம் நடக்கும். ஏற்கெனவே வரி எழுதப்பட்ட இணைப்புகள் எப்போதும்போல் ஓடும், புதியவற்றுக்கு இடம் கிடைக்காது. "வாட்ஸ்அப் வருது, வேற எதுவும் திறக்க மாட்டேங்குது" என்று வீட்டில் ஒருவர் சொல்லும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம். தளப்பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தகராறு செய்தாலும் இதே அறிகுறிதான் தென்படும். மின்சாரத்தைத் துண்டித்தால் பதிவேடு மொத்தமாக அழிந்து, வெற்றுப் பக்கத்தில் புதுக் கணக்கு தொடங்கும்.

பதிவேடு ஓர் உதாரணம்தான். எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத நிரல், ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துபோன இரண்டு வேலைகள் என்று, நீண்ட நாள் ஓடும் எந்த மென்பொருளிலும் குப்பை சேரும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1995இல் இதை முறையான ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். மென்பொருளுக்கு மூப்பு உண்டு, அது விழுவதற்கு முன் நாமே நிறுத்தி மறுபடி தொடங்குவது பராமரிப்பின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம்.

அப்படிச் செய்யாததால் உயிர்கள் போனதும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடி அளவில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுத்துல்லியமாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் மிகச் சிறிய பிழை சேரும். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் கடிகாரம் சுமார் 0.34 நொடி விலகியிருந்தது. பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. படைமுகாமில் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். அதுவரை அந்த அமைப்பை அவ்வப்போது அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். போயிங் 787 விமானத்தின் கதை அவ்வளவு கொடூரமானதல்ல. அதன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடக்கூடும் என்று சோதனைக்கூடத்தில் தெரியவந்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு போட்ட ஆணையின் சாரம்: குறிப்பிட்ட இடைவெளியில் விமானத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறை மக்கர் செய்து, அணைத்துப் போட்டதும் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும் ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பல மாடல்களில் வாரம் ஒரு நாள் விடியற்காலையில் தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். கையால் அணைப்பதானால் அரை நிமிடமாவது காத்திருங்கள். உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிய வேண்டும். சேவை நிறுவனத்தின் பக்கமும் உங்கள் பழைய இணைப்பு அறுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். பட்டென்று அணைத்துப் பட்டென்று போட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பதாகக் கருதப்படும் ஆள் மறுபடி கதவைத் தட்டுவதாக அந்தப் பக்கம் குழம்பும்.

வாரக்கணக்கில் தாங்கியது நாட்களாகி, நாட்கள் மணிகளாகச் சுருங்கத் தொடங்கினால் மென்பொருளைச் சந்தேகிப்பதை நிறுத்திவிடலாம். அதே மென்பொருள்தானே போன வருடமும் ஓடியது? மாறிக்கொண்டிருப்பது வன்பொருள். அதிலும் முதல் சந்தேகம் விழ வேண்டியது ரவுட்டர் மேல் அல்ல, சுவரில் செருகியிருக்கும் கறுப்பு அடாப்டர் மேல்.

அடாப்டருக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் சில உருளைகள் இருக்கும். மின்பகுளி மின்தேக்கிகள். அலுமினியத் தகடும் காகிதமும் சேர்த்துச் சுருட்டி, காகிதத்தைத் திரவ மின்பகுளியில் ஊறவைத்து, ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். மின்னோட்டத்தின் மேடு பள்ளங்களைச் சமன்செய்வது அவற்றின் வேலை. பிரச்சினை அந்தத் திரவம்தான். ரப்பர் ஓரமாக அது ஆண்டுக்கணக்கில் ஆவியாகி வெளியேறுகிறது. வெப்பம் கூடினால் வேகம் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து ஒரு கைக்கணக்கு பிறந்திருக்கிறது: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. 

கணக்கைப் போட்டே பார்ப்போம். உருளையின் மேல் 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று உறுதி தரப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். 65 டிகிரியில் அது நான்கு முறை இரட்டித்து 32,000 மணி ஆகிறது. ஓயாமல் ஓடும் கருவிக்கு ஓர் ஆண்டு என்பது 8760 மணி. ஆக, மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே உருளை 55 டிகிரியில் இருந்தால் ஏழு ஆண்டைத் தாண்டும். 75 டிகிரியில் இரண்டு ஆண்டுகூட நிற்காது. மே மாதத்து மாலையில் நம் ஊர் அறையே 38 டிகிரியில் கொதிக்கும்போது, டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸின் முதுகில் ரவுட்டரை ஏற்றி வைத்து, தூசி படாமல் இருக்க மேலே ஓர் எம்பிராய்டரித் துணியும் போர்த்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தத் துணியின் விலை பல ஆண்டு ஆயுள்.

திரவம் வற்றிய மின்தேக்கி திடீரென்று சாவதில்லை. அதன் உள்தடை ஏறும், சமன்செய்யும் திறன் குறையும். ரவுட்டர் சும்மா இருக்கும்போது குறைந்த மின்னோட்டமே கேட்கும், அதை அடாப்டர் தந்துவிடும். நான்கு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க ஆரம்பித்து வைஃபை அலைகளை அனுப்பும் பகுதி முழு வலுவில் இயங்கத் தொடங்கும்போது தேவை எகிறும், மின்னழுத்தம் சரியும், செயலி மயங்கி மறுதொடக்கம் ஆகும். விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து மறுபடி எரியும். முற்றிய நிலையில் ரவுட்டர் முழுதாக எழும்புவதற்குள்ளேயே விழும். பச்சை விளக்கு எரிவதும் அணைவதுமாக ஒரு சுழலில் மாட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் முனையில் வைத்தால் அது சாவகாசமாக 12 வோல்ட் காட்டும். நம்பிவிட வேண்டாம். சுமை இல்லாதபோது அளந்த அளவு அது. சுமையோடு அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கும் சோதனை எளிது: வேறு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது. வோல்ட் எண் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். ரவுட்டர் வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். முனையின் நடுவில் நேர்மின் என்று காட்டும் சின்னம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். மின்வெட்டுக்காக மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக அடாப்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். யுபிஎஸ்ஸின் பேட்டரி தளர்ந்தாலும் இதே கூத்துதான். இருநூறு, முந்நூறு ரூபாய் அடாப்டரில் முடிந்திருக்க வேண்டிய கதை, பல வீடுகளில் இரண்டாயிரம் ரூபாய் ரவுட்டரில் முடிகிறது.

புது அடாப்டர் போட்டும் சில மணி நேரத்தில் விழுகிறது, மின்விசிறிக்கு நேரே வைத்தால் கூடுதல் நேரம் தாங்குகிறது என்றால் நோய் ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கும் மின்தேக்கிகள் உண்டு, சூட்டில் விரிந்து சுருங்கி விரிசல் விட்ட ஈயப்பற்றுகள் உண்டு. ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் நான்கு லேன் துளைகளில் ஒன்று மட்டும் செத்துப்போயிருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. பழுது பார்க்கும் கடைகள் இருந்தாலும் இந்தக் கட்டத்தில் மாற்றுவதுதான் லாபம்.

அணைத்துப் போட்டாலும் எந்த மாற்றமும் இல்லை என்பது இன்னொரு வகை. ஆராய வேண்டியது நேரத்தையும் இடத்தையும்தான். பின்னறையில் மட்டும் வரவில்லை, ஹாலில் நன்றாக வருகிறது என்றால் ரவுட்டர் நலமாக இருக்கிறது. அது வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 100 மில்லிவாட். ஃபோனில் அதற்கான ஓர் ஆப் போட்டுப் பார்த்தால் மைனஸ் 70 டிபிஎம் என்று சிக்னல் அளவு காட்டும் இடத்தில், அதில் 100 கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அதை வைத்துக்கொண்டு ஃபோன் படம் காட்டுவதே அதிசயம். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும், கண்ணாடி பதித்த இரும்பு பீரோவும் நின்றால் அந்த ஒரு பங்கும் கரைந்துபோகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் கெட்டிக்காரன், சுவரைத் துளைப்பதில் பலவீனன். 2.4 கிகாஹெர்ட்ஸ் நேரெதிர். ரவுட்டரை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், பீரோவை விட்டுத் தள்ளி வைத்தால் பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். ஃபைபர் கேபிள்காரர் துளை போட வசதியாக இருந்த மூலையில் அல்லவா பெரும்பாலும் வைத்துவிட்டுப் போகிறார்?

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகிறது என்றால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு பொதுவழி. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு அதைத் தொழிற்கருவிகளுக்கென்று ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு அங்கேதான் வேலை செய்கிறது. உரிமம் இல்லாமல் தகவல் தொடர்புக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா திறந்துவிட்டது 1985இல். இந்தியாவில் வீட்டுக்கு உள்ளும் வெளியும் இந்த அலைவரிசைக்கு உரிமத் தேவை நீங்கியது 2005இல். 5 கிகாஹெர்ட்ஸ் பெருமளவில் திறக்கப்பட்டது 2018இல். 2.4இல் பட்டியல் போட்டால் 13 சேனல்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரு நேரத்தில் ஒருவர் என்று முறை வைத்துப் பேச வேண்டும். பேசுமுன் காற்றைக் கவனி, யாராவது பேசினால் காத்திரு, மோதிவிட்டால் ஒரு தற்செயல் நேரம் பொறுத்து மறுபடி முயற்சி செய். மோதியபின் தற்செயலாகப் பொறுக்கும் உத்தி, 1971இல் ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த நார்மன் ஆப்ரம்சனின் அலோஹா வலையிலிருந்து வந்தது. முறைக்குக் காத்திருக்கும் கூட்டம் இருபது வீட்டு அளவுக்குப் பெருகினால் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் தவிக்கத்தான் செய்யும். டிவியையும் மேசைக் கணினியையும் கேபிளில் மாட்டிவிட்டு, ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதுதான் வழி.

எங்கே தடை என்று ஊகிக்காமல் அளந்து பார்க்கவும் ஒரு கருவி இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் என்னும் குட்டி நிரல். மடிக்கணினியிலிருந்து முதலில் ரவுட்டரின் முகவரிக்கே பிங் அனுப்புங்கள், பெரும்பாலும் 192.168.1.1. பதில் ஒன்றிரண்டு மில்லி நொடியில் சீராக வந்தால் வைஃபை நலம். 300, 8, தொலைந்தது, 150 என்று தாறுமாறாக வந்தால் தகராறு உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்புங்கள். உள்ளே சீராகவும் வெளியே தாறுமாறாகவும் இருந்தால் ரவுட்டரை விட்டுவிட்டுச் சேவை நிறுவனத்தைப் பிடிக்கலாம். எண் முகவரிக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இதில் எதுவுமே தேவையில்லை: 1490 நானோமீட்டர் ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எங்கோ அணில் கடித்திருக்கிறது, அல்லது சோபாவுக்குப் பின்னால் இழை மடிந்திருக்கிறது. மடிப்பை நிமிர்த்திப் பாருங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

நன்றாக ஓடும் ரவுட்டரையும் மாற்றியே தீர வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு: தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டபோது. பாதுகாப்பில்லாத கருவிகளுக்கு என்ன நேரும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் முதலான பெரிய தளங்களை மணிக்கணக்கில் எட்டாமல் செய்தது. அது நினைவகத்தில் மட்டுமே குடியிருந்தது. அணைத்துப் போட்டால் போய்விடும், கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சீக்கிரமே திரும்பி வரும். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீநிரல் பரவியபோது, உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது எஃப்பிஐ. ஆனால் அந்தத் தீநிரலின் முதல் பகுதி ஃபிளாஷ் சில்லில் வேரூன்றியிருந்ததால், அணைத்துப் போட்ட பிறகும் அது உயிரோடு இருந்தது.

வாங்கப் போகும்போது அட்டைப்பெட்டியில் 3000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய தொகை. எந்த ஒரு ஃபோனுக்கும் அது கிடைக்காது. 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுபவருக்கு இணையம் 100தான் வரும். வைஃபை 6 நிஜமாக உதவுவது கருவிகள் நிறைய உள்ள வீட்டில்தான். ஃபைபர் வீடுகளில் வைஃபையும் சேர்ந்த பெட்டியைச் சேவை நிறுவனமே தந்திருந்தால் பழுதுக்கும் அவர்களே பொறுப்பு, முதலில் அவர்களிடம் கேளுங்கள். நீங்களே ரவுட்டர் வாங்கினால் அதை அந்தப் பெட்டிக்குப் பின்னால் லேன் கேபிளில் மாட்ட வேண்டியிருக்கும். பழையதைக் கழற்றும் முன் அதன் அமைப்புப் பக்கத்தில் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியதற்கும் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்தால், டிவியிலிருந்து கதவுமணிக் கேமரா வரை எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். பழைய கடவுச்சொல் ஊருக்கே தெரிந்த ஒன்றாக இருந்தால் மட்டும் இந்தச் சோம்பேறி வழி வேண்டாம்.

பழைய பெட்டி அடாப்டர் கோளாறால் மட்டும் ஒதுக்கப்பட்டதென்றால் பின்னறைக்கு அதையே இரண்டாவது வைஃபை முனையாக்கலாம். கருவிகளுக்கு உள்முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அதில் நிறுத்தி, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, லேன் துளையோடு லேன் துளையை இணைத்தால் போதும். உண்மையிலேயே செத்துவிட்டதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. கொடுக்கும் முன் மின்சாரம் ஏறுமானால் ரீசெட் துளையில் குண்டூசியைச் செருகிப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடவுச்சொற்கள் ஃபிளாஷ் சில்லில் அப்படியேதான் இருக்கும். மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தும் அடாப்டர்களின் மேல் எந்தக் கருவிக்கு உரியது என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கும் 12 வோல்ட் ரவுட்டருக்கும் முனை பல நேரம் ஒரே அளவுதான், தவறாகச் செருகினாலும் தடுக்காது.